படகு ஜெனரேட்டரில் தண்ணீர் வரவில்லையா? குளிர்விக்கும் நீர்ப்பாதையில் பழுது தேடும் முழு வழிகாட்டி

ஜெனரேட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். படகின் பக்கவாட்டில் 'சளக் சளக்' என்று தண்ணீர் துப்பும் சத்தம் காதுக்குப் பழகிப்போய், அது கேட்பதே நமக்குத் தெரியாது. திடீரென்று அந்தச் சத்தம் வறண்டு 'டொக் டொக்' என்று மாறும். என்னவென்று எழுந்து பார்ப்பதற்குள் மெஷின் தானாக நின்றுவிடும். பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

இந்த இடத்தில் பெரும்பாலோரின் கை நேராக ஸ்பேர் இம்பெல்லர் இருக்கும் பெட்டிக்குத்தான் போகும். மாற்றுவார்கள், ஓடும். சில வாரத்தில் மறுபடி நிற்கும். இம்பெல்லர் என்பது சின்ன ரப்பர் சக்கரம். அது உராயாமல் வழுக்கச் செய்வதும், குளிர வைப்பதும் அதன் வழியே போகும் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே கருகத் தொடங்கிவிடும். ஆகவே செத்துக் கிடக்கும் இம்பெல்லரைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி, 'இது தேய்ந்து செத்ததா, தண்ணீர் கிடைக்காமல் செத்ததா?' என்பதே. இரண்டாவது என்றால், புதிதாகப் போட்டதும் அதே வழியில்தான் போகும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வேலையைத்தான் செய்கிறது: தண்ணீர் எந்த இடத்தில் நின்றது என்று பாதையை வெட்டி வெட்டிக் கண்டுபிடிப்பது. பாகம் மாற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் பாதையை மனதில் வரையுங்கள்

பெரும்பாலான படகு ஜெனரேட்டர்களில் இரண்டு நீர்ச்சுற்றுகள் உண்டு. உள்சுற்றில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இருக்கும். அது எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், வெளியே போகாது. வெளிச்சுற்றில் படகு மிதக்கும் தண்ணீரையே உறிஞ்சி, பயன்படுத்தி, மறுபடி வெளியே துப்பும். ஏரியில் மிதந்தாலும் ஆற்றில் மிதந்தாலும் பேச்சு வழக்கில் அதற்குக் கடல்நீர் என்றே பெயர், நானும் அப்படியே சொல்கிறேன். உள்சுற்றே இல்லாமல், கடல்நீரை நேரடியாக எஞ்சினுக்குள் விடும் பழைய வகைகளும் உண்டு. அவற்றுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

கடல்நீரின் பயணம் இப்படி: படகின் அடித்துளை, அதன்மேல் மூடித் திறக்கும் சீகாக் வால்வு, பிறகு குப்பையை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர், பிறகு பம்பு. பம்பிலிருந்து ஹீட் எக்ஸ்சேஞ்சர். அங்கே கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு, தேவைப்படும் படகுகளில், மெஷின் நின்றபின் தண்ணீர் தானாக வழியாமல் தடுக்கும் சைஃபன் பிரேக் வளைவின் மேலேறி இறங்கி, புகை வெளியேறும் வளைந்த குழாயான எக்ஸாஸ்ட் எல்போவில் புகையோடு கலக்கும். கலந்த நீரும் புகையும் சத்தத்தை அடக்கும் மஃப்ளருக்குள் போய், அங்கிருந்து படகுக்கு வெளியே.

இந்தப் பாதையைப் பம்பில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பம்புக்கு முன்னால் இருப்பது உறிஞ்சும் பக்கம், பின்னால் இருப்பது தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் மெஷின் ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். எத்தனையோ பேரை நாள் கணக்கில் அலைக்கழிப்பது இந்த ஒரு வித்தியாசம்தான்.

கை வைப்பதற்கு முன்

தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி இருந்தால் அதை அணையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஸ்டார்ட்டர் பேட்டரியின் இணைப்பையே துண்டித்துவிடுங்கள். பம்பின் மூடியைக் கழற்றி விரலை உள்ளே விட்டிருக்கும்போது மெஷின் தானாகக் கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சுடச்சுட இருக்கும் கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சீகாக்கில் கை வைக்கும் முன் அந்தத் துளைக்குப் பொருந்தும் மரக்கட்டை அடைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டரை ஸ்டார்ட்டரால் திரும்பத் திரும்பச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் பம்பு மஃப்ளருக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இல்லை. நிறைந்த தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகப் பின்வாங்கி சிலிண்டருக்குள் இறங்கினால் எஞ்சினே போய்விடும். இரண்டு மூன்று முயற்சியில் கிளம்பவில்லை என்றால் சீகாக்கை மூடிவிட்டுச் சுற்றுங்கள். கிளம்பிய அடுத்த கணம் திறந்துவிட மறக்காதீர்கள். இதே காரணத்தால்தான், மெஷின் நிற்கும்போது கரைக்குழாயின் அழுத்தத் தண்ணீரை உறிஞ்சும் ஹோஸில் நேரடியாக மாட்டக் கூடாது.

மெஷின் எதனால் நின்றது?

எச்சரிக்கை விளக்கு அல்லது பலகையில் தெரியும் பிழைக் குறியீடு எதைச் சொல்கிறது என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் சூடு என்று காட்டினால், எல்போவுக்குத் தண்ணீர் வரவே இல்லை அல்லது மிகக் குறைவாக வந்திருக்கிறது. இது ஓரிரு நிமிடத்திலேயே வந்துவிடும். கூலன்ட் சூடு என்று காட்டி, அதுவும் கால் மணி, அரை மணி லோடு கொடுத்த பிறகுதான் நிற்கிறது என்றால், தண்ணீர் வருகிறது ஆனால் போதவில்லை. அல்லது தண்ணீர் போதுமான அளவு வந்தும் உள்சுற்றில் கோளாறு.

வெளியே வரும் புகையையும் கவனியுங்கள். வெள்ளையாகக் கிளம்பிச் சில அடி தூரத்திலேயே கரைந்து மறைந்தால் அது நீராவி, அதாவது தண்ணீர் போதவில்லை. மறையாமல் நீரின் மேல் தவழ்ந்துகொண்டே போனால் அது எரியாத டீசல். அந்த விஷயம் வேறு.

சூடு காரணமாக நிறுத்தும் சுவிட்சை ஒயர் போட்டு ஏமாற்றி ஓட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் இல்லாத எக்ஸாஸ்ட் ஹோஸ் ரப்பர் ஒரு சில நிமிடத்தில் கருகும். கருகிய ஹோஸ் வழியாகக் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வாளியும் கடிகாரமும்

ஜெனரேட்டருக்கு ஒரு நல்ல குணம்: அது எப்போதும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 50 ஹெர்ட்ஸ் மெஷின் என்றால் நிமிடத்துக்கு 1500 அல்லது 3000 சுற்று, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1800 அல்லது 3600. வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகைகள் மட்டுமே விதிவிலக்கு. வேகம் மாறாததால் தண்ணீரின் அளவும் மாறக் கூடாது. ஆக, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளந்தால் அந்த எண் பொய் சொல்லாது.

மெஷின் ஒரு நிமிடமாவது ஓடும் நிலையில் இருந்தால், வெளியே துப்பும் இடத்தில் வாளியைப் பிடித்து 10 லிட்டர் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 30 விநாடி என்றால் நிமிடத்துக்கு 20 லிட்டர். உங்கள் மாடலுக்கு எவ்வளவு வர வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். கையேடு இல்லையென்றால், மெஷின் நன்றாக இருக்கும் ஒரு நாளில் அளந்து எழுதி வைப்பதுதான் வழி. என் ஜெனரேட்டர் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் ஒரு தேதியும் விநாடிக் கணக்கும் இருக்கிறது. அதற்கு மேல் நான் எதையும் நம்புவதில்லை. 'நிறையத்தானே துப்புது' என்று கண்ணால் பார்த்துச் சொல்வது ஏமாற்றும். புகையின் வேகத்தில் சிதறும் கொஞ்சம் தண்ணீரும் நிறைய மாதிரிதான் தெரியும்.

ஒரு சில படகுகளில் நீரையும் புகையையும் பிரிக்கும் செப்பரேட்டர் இருக்கும். அப்போது தண்ணீர் நீர்மட்டத்துக்குக் கீழே சத்தமில்லாமல் போய்விடும், வெளியே எதுவும் தெரியாது. அங்கே எல்போவுக்கு அடுத்த ஹோஸை இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பார்ப்பதுதான் வழி. தண்ணீர் சரியாக ஓடும் எக்ஸாஸ்ட் ஹோஸ் கையால் தொடக்கூடிய சூட்டில் இருக்கும்.

அடித்துளை, சீகாக், ஸ்ட்ரெய்னர்

சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் முதல் வேலை சீகாக் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. கைப்பிடி திறந்த நிலையில் இருந்து, உள்ளே தண்டு உடைந்து, வால்வு மூடியே கிடப்பதும் நடக்கும்.

அடுத்து ஸ்ட்ரெய்னர். சீகாக்கை மூடி, மூடியைக் கழற்றி, கூடையை எடுத்துக் கழுவுங்கள். கண்ணாடி வழியாகப் பார்த்து 'சுத்தமா இருக்கே' என்று விட்டுவிடாதீர்கள். பாசி கூடையின் வெளிப்பக்கத்திலும் அடியிலும் படிந்திருக்கும். பிளாஸ்டிக் பை, ஜெல்லி மீன், நீர்ப்புல் மூன்றும் துளையின் வாயிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மெஷின் நின்றதும் உறிஞ்சல் நின்று அவை தாமாக விழுந்துவிடும். அதனால்தான் 'கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டா ஓடுது, அப்புறம் நிக்குது' என்ற புகார்.

இப்போது மூடி திறந்திருக்கும்போதே சீகாக்கை மெல்லத் திறங்கள். ஸ்ட்ரெய்னர் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் கொப்பளித்து எழ வேண்டும். மேலே இருந்தால், ஸ்ட்ரெய்னருக்கு வரும் ஹோஸைக் கழற்றித் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். ஊறி ஊறி வந்தால், துளையில் சிப்பியோ பாசியோ அடைத்திருக்கிறது. உள்ளிருந்தே ஒரு வழவழப்பான குச்சியை வால்வு வழியாக விட்டுக் குத்தலாம், அல்லது ரப்பர் படகுக்குக் காற்றடிக்கும் கைப்பம்பால் ஊதித் தள்ளலாம். அழுத்தம் அதிகமான காற்று வேண்டாம். நான் முதல்முறை கம்ப்ரசரை வைத்து ஊதியபோது அடைப்பு அசையவில்லை, ஹோஸ்தான் பிய்ந்துகொண்டு வந்தது.

படகு நின்றால் சரியாக இருந்து, ஓடும்போது மட்டும் தண்ணீர் நின்றுபோகிறதா? துளையின் மேல் இருக்கும் கவசத்தின் திசையைப் பாருங்கள். வேகமாக ஓடும் படகின் அடியில் சில இடங்களில் நீர் விலகிக் காற்றுக்குமிழ்கள் ஓடும்; அங்கே இருக்கும் துளை உறிஞ்சுவதற்குப் பதிலாக ஸ்ட்ரெய்னரில் இருப்பதையும் வெளியே இழுத்துவிடும். இதற்காகக் கவசத்தை முன்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தால் வேறு தொல்லை: ஜெனரேட்டர் நிற்கும்போதும் படகின் வேகம் தண்ணீரை அழுத்தித் தள்ளி, பம்பைத் தாண்டி, மஃப்ளரை நிரப்பிவிடும். ஜெனரேட்டர் தயாரிப்பாளர்கள் கையேட்டில் இதைப் பெரிய எழுத்தில் எச்சரிப்பது சும்மா இல்லை.

பாதையை இரண்டாக வெட்டும் வாளிச் சோதனை

ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

சீகாக்கை மூடுங்கள். ஸ்ட்ரெய்னரிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸை ஸ்ட்ரெய்னர் பக்கம் கழற்றி, ஒரு வாளித் தண்ணீருக்குள் விடுங்கள். வாளி ஏறக்குறைய படகின் நீர்மட்ட உயரத்தில் இருக்க வேண்டும். உயரத் தூக்கி வைத்தால் தண்ணீர் தானாக ஓடிவந்து, நோஞ்சான் பம்பையும் பயில்வான் போலக் காட்டும். மெஷினை ஓட்டுங்கள். நிமிடத்துக்கு 20 லிட்டர் குடிக்கும் மெஷின் ஒரு வாளியை ஒரு நிமிடத்தில் காலி செய்துவிடும் என்பதால், இன்னொருவர் குழாயோடு நின்று நிரப்பிக்கொண்டே இருக்கட்டும்.

வாளியிலிருந்து நன்றாக உறிஞ்சி வெளியே துப்பினால் பம்பு, எக்ஸ்சேஞ்சர், எல்போ எல்லாமே நல்லது. தொல்லை ஸ்ட்ரெய்னரிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. வாளியிலிருந்தும் உறிஞ்சவில்லை என்றால் பம்பிலோ அதற்குப் பின்னாலோ, அல்லது இப்போது வாளியில் இருக்கும் அந்த ஹோஸிலேயோ. பத்து நிமிட வேலை, பாதிப் பாதையைச் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத காற்று

வாளியில் நன்றாக ஓடி, துளையும் சுத்தமாக இருந்து, மறுபடி இணைத்தால் தண்ணீர் விட்டு விட்டு வருகிறதா? ஸ்ட்ரெய்னர் மூடியின் ரப்பர் வளையத்தை, அதாவது ஓ-ரிங்கைப் பாருங்கள். ஸ்ட்ரெய்னர் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் படகுகளில் இது முதல் சந்தேகத்துக்குரிய ஆள்.

ஒரு முறை இரண்டு நாள் இதைத் துரத்தியிருக்கிறேன். கிளாம்ப் எல்லாம் மாற்றியாயிற்று, இம்பெல்லர் மாற்றியாயிற்று. கடைசியில் வெயிலில் உட்கார்ந்து ஓ-ரிங்கைக் கழற்றி விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தபோது, தலைமுடி பருமனில் ஒரு பாசி நார் அதன் பள்ளத்தில் குறுக்கே படுத்திருந்தது. அது விட்ட இடைவெளி வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது. நாரைத் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் தடவி மூடினேன். அவ்வளவுதான் பழுது.

காற்று போகிறதா என்று உறுதி செய்ய, பம்புக்குச் சற்று முன்னால் ஒரு துண்டு ஒளி ஊடுருவும் ஹோஸை மாட்டிப் பாருங்கள். கம்பி பதித்ததாக இருக்கட்டும். ஓடும்போது குமிழிகள் வரிசையாக ஓடினால் எங்கோ காற்று நுழைகிறது. அப்புறம் ஒவ்வொரு இணைப்பின் மேலும் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். உறிஞ்சும் பக்கம் என்பதால் நுரை வெளியே வராது, உள்ளே இழுக்கப்படும். அந்தக் கணத்தில் குமிழியும் குறையும்.

ஹோஸ் விஷயத்தில் இன்னொன்று. உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் சுவரில் கம்பிச்சுருள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடானதும் இளகி, உறிஞ்சலில் சப்பையாகிவிடும். நிறுத்தியதும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். பழைய ஹோஸில் உள்ளடுக்கு மட்டும் பிரிந்து கதவு போல மூடிக்கொள்வதும் உண்டு. வெளியே எந்த அடையாளமும் இருக்காது. வயது தெரியாத ஹோஸ் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

பம்பைத் திறப்பது

சீகாக்கை மூடிவிட்டு, மூடித் தகட்டின் திருகுகளைக் கழற்றுங்கள். கீழே ஒரு துணி விரித்துக்கொண்டால் நல்லது. அந்தச் சின்னத் திருகுகள் விழுந்தால் படகின் அடிவயிற்றுக்குத்தான் போகும். இம்பெல்லரை எடுக்க ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள், வெண்கல விளிம்பு கீறிப்போகும். அதற்கென்றே புல்லர் உண்டு. இல்லையென்றால் இரண்டு மூக்குப் பிளையரால் இம்பெல்லரின் நடுப்பகுதியைப் பிடித்து நேராக இழுங்கள்.

கையில் எடுத்ததும் ஒவ்வொரு இறக்கையையும் வளைத்து அடிப்பகுதியைப் பாருங்கள். கோடு போல வெடிப்பு ஆரம்பித்திருந்தால் அது இன்று இல்லாவிட்டாலும் நாளை போகும். நுனிகள் பளபளவென்று சூட்டில் இளகி உறைந்த மாதிரி இருந்தால், அது தண்ணீரில்லாமல் ஓடியிருக்கிறது. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்தால் இறக்கைகள் மடங்கிய நிலையிலேயே உறைந்து, நிமிர மறுக்கும்.

இறக்கைகள் எல்லாம் புதுசு போல இருந்தும் தண்ணீர் வரவில்லையா? நடுவில் இருக்கும் உலோகத்திலிருந்து ரப்பர் பிரிந்து, தண்டு மட்டும் சுற்றி ரப்பர் நின்றுகொண்டிருக்கலாம். உலோகத்துக்கும் ரப்பருக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டு மாட்டி, கொஞ்சம் ஓட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் விடை கிடைத்துவிட்டது. தண்டில் இருக்கும் சாவிக்கட்டை முறிந்தாலும் இதே கதைதான். பெல்ட்டில் ஓடும் பம்பு என்றால் பெல்ட் நழுவுகிறதா என்றும் ஒரு பார்வை.

பிறகு மூடித் தகட்டின் உள்பக்கத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் அளவுக்கு வட்டப் பள்ளம் விழுந்திருந்தால், அந்த இடைவெளியில் தண்ணீர் திரும்பி வழிந்து உறிஞ்சும் சக்தி குறையும். பல பம்புகளில் தகட்டைத் திருப்பி மாட்டலாம், அதற்கு மேல் புதிதுதான். பம்பின் உள்ளே இருக்கும் மேடான கேம் துண்டும், பின்புறத் தகடும் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இம்பெல்லரை மட்டுமே மாற்றிப் பழகியவர்கள் இவை இருப்பதையே மறந்துவிடுவார்கள். மூடித் தகட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தாளைத் தாங்களே வெட்டிப் போடுபவர்கள் கனத்த தாளில் வெட்டினால், புது இம்பெல்லர் போட்டும் பம்பு வெற்றிடம் உண்டாக்காமல் திணறும். அது கால் மில்லிமீட்டர் விவகாரம்.

பம்பின் உடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் சீல் போய்விட்டது. சொட்டுகிறதே என்று அந்தத் துளையை அடைத்துவிட்டால் தண்ணீர் எஞ்சின் ஆயிலுக்குள் போகும். எண்ணெய் சொட்டினால் எஞ்சின் பக்கத்துச் சீல்.

புதிய இம்பெல்லரை மாட்டும்போது கிளிசரின் அல்லது பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் தடவுங்கள். பெட்ரோலியம் கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். இறக்கைகளைச் சுழலும் திசைக்கு ஏற்றபடி சாய்த்துத் திருகிக்கொண்டே தள்ளினால் உள்ளே போய்விடும். தவறான பக்கம் மடங்கியிருந்தாலும் முதல் சுற்றிலேயே தானாகத் திரும்பிக்கொள்ளும், பதற வேண்டாம்.

உடைந்த துண்டுகள் எங்கே?

இறக்கை உடைந்திருந்தால் வேலை முடியவில்லை, இனிமேல்தான் ஆரம்பம். கிடைத்த துண்டுகளைத் துணியில் வைத்து, பழைய இம்பெல்லரோடு ஒட்டிப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது தள்ளும் பக்கத்தில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. வழக்கமாக இரண்டு இடம்: பம்பிலிருந்து வெளியேறும் வளைந்த இணைப்பு, அல்லது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முகப்பு.

எனக்கு மூன்று மாதத்தில் இரண்டு இம்பெல்லர் போனது. இரண்டாவது தடவை பம்பின் வெளியேறும் வளைவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். நான்கு துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கிடந்தன. மூன்று கறுப்பு, மென்மையாக. நான்காவது பழுப்பேறி, கல் போல இறுகியிருந்தது. அது என் இம்பெல்லரே இல்லை; எனக்கு முன்னால் படகை வைத்திருந்தவர் காலத்தது. அவர் மாற்றியபோது தேடாமல் விட்டதற்கு நான் இரண்டு இம்பெல்லர் கொடுத்திருக்கிறேன்.

தேடுவதற்கு நல்ல வழி எதிர்த்திசையில் நீர் விடுவது. எக்ஸ்சேஞ்சரின் இரண்டு பக்க ஹோஸையும் கழற்றி, வெளியேறும் பக்கத்திலிருந்து உள்ளே தண்ணீர் அடித்தால், துண்டுகள் வந்த வழியே திரும்பி வரும். வாயில் ஒரு சல்லடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தள்ளும் பக்கத்தில் அடைப்பா?

பம்பு நன்றாக இருந்தும் வெளியே தண்ணீர் குறைவு என்றால், எரிபொருளை நிறுத்திவிட்டு, எக்ஸ்சேஞ்சரிலிருந்து எல்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி வாளியில் விடுங்கள். ஸ்டார்ட்டரால் சில விநாடி மட்டும் சுற்றுங்கள். தண்ணீர் வாளிக்குப் போவதால் மஃப்ளர் நிரம்பும் பயமில்லை. இங்கே பலமாக வந்து, எல்போவில் மாட்டியதும் குறைந்தால் அடைப்பு எல்போவில் அல்லது சைஃபன் பிரேக் வளைவில். இங்கேயே குறைவு என்றால் எக்ஸ்சேஞ்சரில். தள்ளும் பக்க ஹோஸ் ஓடும்போது பருத்துக் கல் போல இறுகுவதும் அதற்கப்பால் அடைப்பு இருப்பதன் அடையாளம்.

எக்ஸ்சேஞ்சரின் இருபக்க மூடிகளைக் கழற்றினால் உள்ளே மெல்லிய குழாய்கள் கட்டாக இருக்கும். உப்பு, சுண்ணாம்புப் படிவம், ரப்பர்த் துண்டு, உடைந்து விழுந்த துத்தநாகம் இதெல்லாம் குழாய் வாய்களை மூடியிருக்கும். துத்தநாகக் குச்சி அரிமானத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளவே இருக்கிறது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் முறிந்து உள்ளே விழும். குழாய்களைக் குத்த மரக்குச்சியோ பித்தளைக் கம்பியோ போதும், இரும்புக் கம்பி வேண்டாம். படிவம் கெட்டியாக இருந்தால் துத்தநாகத்தைக் கழற்றிவிட்டு, வினிகரை ஊற்றி ஊற வையுங்கள், அல்லது படகு எஞ்சினுக்கென்று விற்கும் படிவம் நீக்கியைப் பயன்படுத்துங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும். ஆனால் அலுமினியத்தையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் சேர்த்து அரிக்கும். நான் அதைத் தொடுவதில்லை.

எல்போதான் இந்தப் பாதையிலேயே கொடுமையான இடம். சூடான புகையும் உப்புத் தண்ணீரும் சந்திக்கும் இடம் என்பதால், நீர் சிதறும் சின்னத் துளைகள் உப்பாலும் துருவாலும் அடைபடும், புகைப்பாதை கரியால் குறுகும். ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புகையும், லோடு கொடுத்தால் மூச்சுத் திணறுவதும் கூடவே இருந்தால் கரி அடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். எல்போ ஒரு தேய்மானப் பொருள். சுத்தம் செய்து சில காலம் ஓட்டலாம், சுவர் மெலிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

சைஃபன் பிரேக், நீர்மட்டத்துக்கு நன்கு மேலே ஏறி இறங்கும் வளைவின் உச்சியில் இருக்கும் சின்ன வால்வு. மெஷின் நின்றதும் அது திறந்து காற்றை உள்ளே விட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் தானாக வழிந்து எஞ்சினை மூழ்கடிக்கும். உப்பு படிந்தால் ஒழுகும், அல்லது ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நன்னீரில் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஒழுகுகிறதே என்று அதன் வாயை அடைத்து வைத்திருப்பதைச் சில படகுகளில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட மெஷின்கள் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட்டர் போட்டால் 'டக்' என்று மட்டும் சொல்லும்.

தண்ணீர் சரியாக வருகிறது, ஆனாலும் கொதிக்கிறது

வாளிக் கணக்கு கையேட்டோடு ஒத்துப்போகிறது, ஆனாலும் கூலன்ட் சூடு ஏறுகிறது என்றால் கடல்நீர்ப் பாதையை விட்டுவிடுங்கள். மெஷின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். அடிக்கடி குறைந்துகொண்டே இருந்து வெளியே ஒழுகலும் இல்லையென்றால், எக்ஸ்சேஞ்சரின் உள்குழாய் ஓட்டையாகி, கூலன்ட் கடல்நீரோடு போய்க்கொண்டிருக்கலாம். சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டு, அதன்மேல் அச்சிட்டிருக்கும் டிகிரியில் திறக்கிறதா என்று பாருங்கள். சுற்றோட்டப் பம்பின் பெல்ட், மூடியின் ஸ்பிரிங், கூலன்ட்டுக்குள் மாட்டிய காற்று, அளவுக்கு மீறிய லோடு, காற்றோட்டமில்லாத எஞ்சின் அறை எல்லாம் அப்புறம்.

மறுபடி ஓட்டுவது

ஸ்ட்ரெய்னரைத் தண்ணீரால் நிரப்பி மூடுங்கள். புது இம்பெல்லர் வறண்டு சுற்றும் நேரம் குறையும். சீகாக்கைத் திறங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஒருவர் வெளியே துப்பும் இடத்தில் நிற்கட்டும். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். வந்தால், கழற்றிய ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தால் துடைத்து ஈரம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பாதி லோடில் அரை மணி ஓட்டி, வாளிக் கணக்கை எடுத்து, பழைய எண்ணுக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீரில்லாமல் ஓடியிருந்தால் எக்ஸாஸ்ட் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். எல்போவுக்கு அடுத்த ஒரு சாண் தூரம்தான் முதலில் கருகும். மொறுமொறுப்பாகவோ உள்ளடுக்கு உரிந்தோ இருந்தால் மாற்றாமல் அந்தப் படகில் இரவு தூங்காதீர்கள். பிளாஸ்டிக் மஃப்ளர் உருகி நெளிந்திருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

படகைப் பல மாதம் நிறுத்தி வைக்கப்போகிறீர்கள் என்றால், இறக்கைகள் மடங்கி உறையாமல் இருக்க இம்பெல்லரைக் கழற்றி வைப்பது நல்லது. கழற்றிய கையோடு, ஸ்டார்ட் சுவிட்சின் மேலேயே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்: 'இம்பெல்லர் உள்ளே இல்லை, சீகாக் மூடியிருக்கிறது.' ஆறு மாதம் கழித்து வந்து அந்தச் சுவிட்சை அழுத்தப்போகிறவர் நீங்களாகவே இருந்தாலும், அன்றைக்கு உங்களுக்கு இது ஞாபகம் இருக்காது.